பிரெஞ்சுப் புரட்சிக்குப் பதினாறாம் லூயியின் தலைமை எவ்வளவு தூரம் காரணம்?

கேள்வி: ரோஸ் ஹில் தகப்பன்

அன்பர்களுக்கு வணக்கம். என் மகள் இங்கே மொரீஷியஸில் எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்கு வரலாற்றை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். பிரெஞ்சுப் புரட்சி மூண்டதற்கு மன்னர் பதினாறாம் லூயியின் தலைமை எவ்வளவு தூரம் காரணம் என்ற கட்டுரையை வரும் திங்கட்கிழமை அவள் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். ஆனால் எழுதுவதற்கு முன் எனக்குத் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். நேற்றிரவு அவள் சொல்லக் கேட்டபோது எனக்குச் சில ஐயங்கள் எழுந்தன.

அவளுடைய வாதம் இதுதான்: மன்னர் நல்லவர், ஆனால் மன உறுதி இல்லாதவர், அரசாட்சியைவிட வேட்டையிலும் பூட்டுச் செய்வதிலும்தான் அவருக்கு நாட்டம், அரசியோ ஊதாரி, அதனால் கஜானா காலியாயிற்று, பாஸ்தீய் கோட்டை வீழ்ந்த நாளிலேகூடத் தம் நாட்குறிப்பில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவைத்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவருடைய சுபாவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பெரிய அரசு கவிழ்ந்ததை விளக்கிவிட முடியுமா? வேறொருவர் அரியணையில் இருந்திருந்தால் புரட்சி வந்திராதா? அல்லது யார் இருந்தாலும் வந்தே தீரும் என்ற நிலை முன்பே ஏற்பட்டுவிட்டதா, அப்படியானால் எந்த ஆண்டில்? நான் சர்க்கரை ஆலையில் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன். வரலாறு அறிந்தவர்கள் சொன்னால் எங்கள் இருவருக்கும் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்ர் போர்ன்

ஐயா, முதலில் அந்த நாட்குறிப்பைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்று வேட்டைக்குப் போகவில்லை, எதையும் அடிக்கவில்லை என்பதுதான் அந்த "ஒன்றுமில்லை"க்குப் பொருள். நாற்பது ஆண்டுகளாகத் திருத்திய விடைத்தாள்களில் இந்த ஒரு சான்றை நான் எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

மன்னர் மன உறுதியற்றவர் என்பது பொய்யன்று. ஆனால் அது விடையில் மிகச் சிறிய பகுதி. 1774 மே மாதத்தில் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 19. முந்தைய மன்னரின் அமைச்சர் மோப்பு 1771இல் பார்லமான்கள் எனப்பட்ட உயர்நீதிமன்றங்களை ஒடுக்கிவைத்திருந்தார். அரசாணைகளைப் பதிவு செய்ய மறுத்து முட்டுக்கட்டை போடும் அதிகாரம் அந்த நீதிமன்றங்களுக்குத்தான் இருந்தது. அங்கே அமர்ந்திருந்த நீதிபதிகளோ வரிச்சலுகை பெற்ற உயர்குடியினர். இளம் மன்னர் மக்களின் அன்பைப் பெற விரும்பி, பதவியேற்ற ஆண்டிலேயே அவற்றைத் திரும்ப அமர்த்தினார். முந்நூறு ஆண்டுகளாக நடந்த வழக்கை மன்னருக்காக வென்று கொடுத்தேன், அதை அவர் தோற்க விரும்பினால் தோற்கட்டும் என்று மோப்பு சொன்னதாகக் கூறுவர். பின்னாளில் ஒவ்வொரு சீர்திருத்தமும் இந்த நீதிமன்றங்களின் வாசலில்தான் தடுமாறி விழுந்தது.

அதற்காக, மன்னர் சீர்திருத்தத்துக்கு எதிரி என்று உங்கள் மகள் எழுதிவிடக் கூடாது. உண்மை நேர்மாறானது. டுர்கோவை நிதியமைச்சராக அமர்த்தி, தானிய வணிகத்தின் கட்டுப்பாடுகளை நீக்கவும், குடியானவர்கள் சாலைகளில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்த கட்டாய ஊழியத்தை ஒழிக்கவும் ஆணையிட்டவர் அவரே. 1775 வசந்தத்தில் மாவுக் கலவரம் மூண்டபோதும் அமைச்சரைக் கைவிடவில்லை. ஆனால் அரண்மனையும் பார்லமானும் சேர்ந்து எதிர்த்தபோது, 1776 மே மாதத்தில் கைவிட்டார். பின்னால் நிதியமைச்சரான கலோன் விஷயமும் அப்படியே. எல்லா நிலங்களுக்கும், எந்த வகுப்பினரின் நிலமாக இருந்தாலும், ஒரே வரி என்ற திட்டத்தை முன்வைக்க 1787 பிப்ரவரி 22 அன்று 144 பெருமக்கள் அடங்கிய சபையை மன்னரே தொடங்கிவைத்தார்; சபை முறுக்கிக்கொண்டதும் ஏப்ரலில் கலோனை அனுப்பிவிட்டார். அடுத்து வந்த பிரியன் அதே திட்டத்தைச் சற்று மாற்றிக் கையில் எடுத்தார். 1788 மே மாதத்தில் பார்லமான்களின் பல்லைப் பிடுங்கவும் முயன்றார். அதை எதிர்த்துக் கிரனோபிள் நகர மக்கள் கூரைமேல் ஏறிப் படைவீரர்கள்மீது ஓடுகளை எறிந்தார்கள். ஆகஸ்டில் பிரியனும் போனார். அமைச்சரை முன்னே நிறுத்துவது, எதிர்ப்பு வலுத்ததும் அவரைப் பலிகொடுப்பது, ஆனால் அவருடைய திட்டத்தை மட்டும் அடுத்தவரிடம் ஒப்படைப்பது என்ற இந்தச் சுழற்சியால், மன்னரின் சொல்லுக்கு ஆறு மாத ஆயுள்தான் என்று அவருடைய எதிரிகள் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவு நடந்தும் 1788 இறுதிவரை மக்களின் கோபம் மன்னர்மீது திரும்பவில்லை என்பதைத்தான் கட்டுரையின் மையமாக வைக்க வேண்டும் என்பேன். 1789 வசந்தத்தில் ஊர்தோறும் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னபோது, உப்பு வரியையும் பயிரைத் தின்னும் நிலப்பிரபுவின் புறாக்களையும் பற்றிப் புலம்பிய அதே தாள்களில் மன்னரைத் தந்தை என்று விளித்து வாழ்த்தியிருக்கிறார்கள். அத்தனை நம்பிக்கை கையில் இருந்தும் அவர் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

ஏனென்றால் அப்போது நாட்டின் முன் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. 1614க்குப் பிறகு கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேரவையை மன்னர் 1789 மே மாதத்துக்கு அழைத்துவிட்டார். குருமார், உயர்குடியினர், ஏனையோராகிய மூன்றாம் வகுப்பினர் என்று அதில் மூன்று பிரிவுகள். வகுப்புக்கு ஒரு வாக்கு என்றால் முதல் இரண்டும் சேர்ந்து எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று வெல்லும். தலைக்கு ஒரு வாக்கு என்றால் கதையே வேறு. 1788 டிசம்பர் 27 அன்று மூன்றாம் வகுப்பின் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க மன்னர் இசைந்தார். அதாவது அவர்கள் சுமார் 600 பேர், மற்ற இரு வகுப்பினரும் சேர்ந்து சுமார் 600 பேர். குருமார்களிலோ இருநூறுக்கு மேற்பட்டோர் சம்பளம் போதாத சிற்றூர்ப் பாதிரியார்கள். அவர்களுடைய மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்கை எப்படி எண்ணுவது என்பதை மட்டும் மன்னர் சொல்லாமல் விட்டார். வகுப்புவாரி வாக்கு தொடரும் என்றால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதில் பொருளே இல்லை. தலைவாரி வாக்கு என்றால் அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.

மே 5 அன்று வெர்சாயில் கூடிய பேரவையைக் கற்பனை செய்து பாருங்கள். உயர்குடியினர் பொன் சரிகையும் இறகு வைத்த தொப்பியுமாக அமர்ந்திருக்க, மூன்றாம் வகுப்பினருக்கு விதிக்கப்பட்டதோ வெறும் கறுப்பு உடை. மன்னர் பேசி முடித்துத் தொப்பியை அணிந்தார். வழக்கப்படி உயர்குடியினரும் அணிந்தார்கள். மூன்றாம் வகுப்பில் சிலரும் துணிந்து அணியத் தொடங்கியதும் சலசலப்பு எழ, மன்னர் தம் தொப்பியை மீண்டும் கழற்றிவிட்டார் என்று குறித்திருக்கிறார்கள். அடுத்து நிதியமைச்சர் நெக்கர் எழுந்து தொண்டை கட்டும்வரை மணிக்கணக்கில் நிதிக்கணக்கைப் பேசினார். வாக்கு பற்றித் தெளிவாக யாரும் வாய் திறக்கவில்லை. அன்று தொடங்கி ஆறு வாரம் அரசு மௌனம் காத்தது. ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பினர் தாங்களே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள். 20ஆம் தேதி முன்னறிவிப்பின்றி மண்டபம் பூட்டப்பட்டிருக்கக் கண்டு, பந்தாட்ட அரங்குக்குப் போய் உறுதிமொழி எடுத்தார்கள்.

23ஆம் தேதி மன்னர் ஒருவழியாகத் தம் திட்டத்தை வாசித்தார். பேரவையின் இசைவின்றி வரியில்லை, விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் அரச ஓலைகளுக்கு முடிவு, மாகாண சபைகள் என்று அதில் நல்லவை ஏராளம். ஆறு மாதம் முன்பு சொல்லியிருந்தால் தெருவெல்லாம் விளக்கேற்றியிருப்பார்கள். ஆனால் கூடவே 17ஆம் தேதித் தீர்மானம் செல்லாது, வகுப்புகள் தனித்தனியே அமர வேண்டும் என்றும் கட்டளையிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. மூன்றாம் வகுப்பினர் இருக்கையைவிட்டு எழவில்லை. நான்கே நாளில், 27ஆம் தேதி, எல்லோரும் ஒன்றாக அமருங்கள் என்று அவரே ஆணையிட நேர்ந்தது. அந்த ஆணை வெளிவந்த அதே வேளையில் பாரிஸைச் சுற்றிப் படைகளும் குவிந்துகொண்டிருந்தன. ஜூலை 11 அன்று நெக்கரை நீக்கினார். மூன்றாம் நாள் பாஸ்தீய் வீழ்ந்தது.

எனவே என் விடை: நெருக்கடியை உண்டாக்கியவர் மன்னர் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் ஒருவரால் மட்டுமே தீர்க்கக்கூடியதாக இருந்த கேள்விக்கு 1788 ஆகஸ்டு முதல் 1789 ஜூன் வரை அவர் விடை சொல்லவில்லை.

பதில் 2: கணக்காளர், போர்ட் லூயிஸ்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. வாக்கு முறையை டிசம்பரிலேயே அறிவித்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. பேரேட்டைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை.

1788ஆம் ஆண்டின் அரசுச் செலவு சுமார் 629 மில்லியன் லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). அதில் கடனுக்கும் வட்டிக்கும் மட்டும் போனது சுமார் 318 மில்லியன், அதாவது பாதிக்கு மேல். அரண்மனைச் செலவு முழுவதும், அரசியின் உடைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆகவே "அரசி ஊதாரி, அதனால் கஜானா காலி" என்ற வரியைத் தங்கை தயங்காமல் நீக்கிவிடலாம். ஊதாரித்தனம் மன்னரின் பெயரைக் கெடுத்தது உண்மை. கணக்கைக் கெடுத்தது போர். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் துணையாக இங்கிலாந்தோடு நடத்திய போருக்கு 1,000 மில்லியனுக்கும் மேல் செலவாயிற்று. நம் தீவைத் தளமாகக் கொண்டு 1782லும் 1783லும் சோழமண்டலக் கரையோரம் ஆங்கிலேயரோடு மோதிய சுஃப்ரனின் கப்பற்படையும் அந்தச் செலவில் அடக்கம்.

அந்தப் பணம் வந்த வழிதான் விசித்திரம். போர்க்காலத்திலும் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர், புதிய வரி போடாமல் கடன் வாங்கினார். அரசுக்குப் பணம் கொடுத்தவர், தாம் குறிப்பிடும் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் தொகை பெறலாம் என்பது அந்தக் கடனின் ஒரு வகை. அந்த ஒருவருக்கு வயது ஐந்தானாலும் ஐம்பதானாலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜெனீவா வங்கியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மை கண்டு தேறிய, நல்ல குடும்பத்துச் சிறுமிகளாகப் பார்த்து முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரில் பணத்தைப் போட்டார்கள். சிறுமிகளின் உடல்நலத்தை மருத்துவர்கள் கவனித்துக்கொண்டார்கள். நூறு ரூபாய் கொடுத்தவனுக்கு ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆண்டுக்கு எட்டு, பத்து ரூபாய் கொடுத்துக்கொண்டே இருப்பதாக எந்தச் சிறு கடைக்காரராவது கையெழுத்துப் போடுவாரா? பிரெஞ்சு அரசு போட்டது. இதற்கிடையில் 1781இல் நெக்கர் அச்சிட்டு வெளியிட்ட அறிக்கையோ, சாதாரண வரவுசெலவில் 10 மில்லியன் உபரி இருப்பதாகக் காட்டியது. போர்ச் செலவை அதில் சேர்க்கவில்லை. ஆறு ஆண்டு கழித்துக் கலோன் வந்து 100 மில்லியனுக்கு மேல் பற்றாக்குறை என்றபோது, யார் நம்புவார்கள்? உபரி எங்கே போயிற்று, நீதான் தின்றாய் என்றார்கள்.

இங்கிலாந்தின் கடனும் சிறிதன்று. ஆனால் அங்கே நாடாளுமன்றம் பொறுப்பேற்ற கடன் என்பதால் குறைந்த வட்டிக்குக் கிடைத்தது. பிரான்சில் மன்னரின் வாக்கே பிணை. அந்த வாக்கோ, ஆசிரியர் சொன்னபடி, ஆறு மாதம் தாங்காதது. 1788 ஆகஸ்டு 16 அன்று கருவூலம் தன் பட்டுவாடாவில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தர முடியாது என்று அறிவித்ததோடு பழைய முறை முடிந்துவிட்டது. தங்கை "எந்த ஆண்டு" என்று கேட்டால் நான் அந்த நாளைச் சொல்வேன். இத்தனைக்கும் நடுவே, 1788 ஜூலை 13 அன்று அடித்த ஆலங்கட்டி மழையில் பாரிஸைச் சூழ்ந்த பயிர் அழிந்து, அடுத்த பிப்ரவரியில் நான்கு பவுண்டு ரொட்டி 14½ சூ (சில்லறைக் காசு) விற்றது. கூலியாள் ஒருவரின் நாட்கூலியே 20 முதல் 30 சூதான். எந்த மன்னர் எந்த வாக்கு முறையை அறிவித்திருந்தாலும் அந்த ரொட்டி விலை குறைந்திருக்காது.

பதில் 3: நகர வழிகாட்டி, போர்ட் லூயிஸ்

இருவரும் பாரிஸையே பார்க்கிறீர்கள். மன்னரின் தலைமை தேய்ந்ததைக் கடலுக்கு அப்பாலிருந்து பார்த்தவர்களும் உண்டு, அண்ணா. உங்கள் மகள் விரும்பினால் இந்த ஒரு காட்சியைச் சேர்க்கலாம். திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்கள் 1787 ஜூலையில் புதுச்சேரியில் கப்பலேறி நம் தீவு வழியாகப் பிரான்சுக்குப் போனார்கள். வெர்சாயில் 1788 ஆகஸ்டு 10 அன்று பதினாறாம் லூயி அவர்களுக்கு மிகுந்த ஆடம்பரத்தோடு பேட்டியளித்தார். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பேரவையைக் கூட்டும் அறிவிப்பு வந்திருந்தது. ஆறு நாள் கழித்து, கணக்காளர் சொன்ன அந்தக் கையிருப்பற்ற நாள். தூதர்களுக்குக் கைவினைஞர்களும் செவ்ர் பீங்கான்களும் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், பக்கத்து நாடான ஹாலந்துக்குள் பிரஷ்யப் படை புகுந்தபோதே, பணமில்லாமல் பிரான்சு கைகட்டி நின்றிருந்தது. ஐரோப்பிய அரசுகளிடையே மன்னரின் மதிப்பு அப்போதே சரிந்துவிட்டது.

இங்கே நடந்ததும் கவனிக்கத் தக்கது. 1767இல்தான் வணிகக் கம்பெனியிடமிருந்து இந்தத் தீவின் ஆட்சி மன்னருக்கு நேரடியாக வந்தது. 1790இன் தொடக்கத்தில் புரட்சிச் செய்தி கப்பலில் வந்து இறங்கியதும், மூவண்ணச் சின்னத்தை அணிந்த குடியேறிகள் தாங்களே சபை கூட்டிக்கொண்டார்கள். ஆளுநர் இருந்தார், ஆணைகள் இருந்தன; ஆனால் மன்னரின் பெயரைச் சொன்னால் கீழ்ப்படிவார்கள் என்ற நிலை போயிருந்தது. அந்த நவம்பரில் கடற்படைத் தளபதி மக்நமாரா, புரட்சிக்கு எதிரானவர் என்ற சந்தேகத்தில் சிப்பாய்களின் கையில் சிக்கி, போர்ட் லூயிஸ் தெருவிலேயே கொல்லப்பட்டார். சுற்றுலாக் குழுக்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதைச் சொல்வேன். பெரும்பாலோர் இங்கேயுமா என்று கேட்பார்கள். பிறகு துறைமுகத்தின் பெயரிலிருந்தே லூயியை நீக்கினார்கள். அண்டைத் தீவான பூர்போனுக்கும் மன்னர் குடும்பத்தின் பெயர் கூடாதென்று 1793 மார்ச்சில் ரெயூனியோன் என்று பெயரிட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மன்னரின் தலைமை விலகிய இடத்தில் இங்கே வந்து அமர்ந்தவர்கள் தோட்ட முதலாளிகள். அடிமை முறையை ஒழிக்கும் 1794ஆம் ஆண்டு ஆணையை நடைமுறைப்படுத்த 1796இல் பாரிஸிலிருந்து வந்த இரு அதிகாரிகளை, வந்த சில நாளிலேயே கப்பலேற்றித் துரத்தியவர்களும் அவர்களே.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்ர் போர்ன்

கணக்காளர் தம்பி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். அந்தப் போரை நடத்த வேண்டும் என்றும், வரியின்றிக் கடனில் நடத்த வேண்டும் என்றும் முடிவெடுத்தது யார்? டுர்கோ அப்போதே எச்சரித்தார், கேட்கவில்லை. எனவே பேரேடும் மன்னரின் தலைமையைப் பற்றிய சான்றுதான். அதை எதிர்வாதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ரொட்டி விலையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. வாக்கு முறையை அறிவித்திருந்தால் கலவரம் நின்றிருக்காது. ஆனால் கலவரக்காரர்கள் மன்னரின் பெயரால் எழுந்திருப்பார்கள், அவருக்கு எதிராக அல்ல.

ஒப்பீடு ஒன்று கேட்டால், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கலாயைச் சொல்லலாம். 1905 அக்டோபரில் சபை தருவதாக வாக்களித்தார். 1906இல் டூமா என்ற பெயரில் கூடிய அந்த முதல் சபையை மூன்று மாதம் முடியும் முன்பே கலைத்தார். 1915இல் படைத்தலைமையைத் தாமே ஏற்று, போர்க்களத் தோல்வி ஒவ்வொன்றையும் தம் தலையில் சுமந்துகொண்டார். கொடுத்ததைத் திரும்பப் பறிக்கும் அதே பழக்கம். தேர்வுக்கு இது தேவையில்லை, தெரிந்துகொள்ளட்டும்.

பதில் 5: ரோஸ் ஹில் தகப்பன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து அனைத்தையும் படித்தேன். பூட்டும் நாட்குறிப்பும் போயின. அரசியின் ஊதாரித்தனம் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. ஜெனீவாச் சிறுமிகளின் கதையை மட்டும் அவள் தன் தாயாரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். 1788 டிசம்பர் 27ஐ நடுவில் வைத்துக் கட்டுரையை முழுவதும் மாற்றி எழுதுகிறாள்.

ஒரே ஓர் ஐயம் மிச்சம். அந்த ஆறு வார மௌனத்தின் நடுவே மன்னரின் ஏழு வயது மூத்த மகன் இறந்துபோனதாக அவள் பாடநூலில் ஒரு வரி இருக்கிறது. மகனை இழந்த தகப்பன் வாக்கு முறையைப் பற்றி எப்படி யோசிப்பார் என்று கேட்கிறாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா?

பதில் 6: ஓய்வுபெற்ற ஆசிரியர், கத்ர் போர்ன்

சேர்க்கலாம், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். இளவரசர் இறந்தது ஜூன் 4. துக்கத்தில் மன்னர் மார்லி மாளிகைக்குச் சென்று தங்கியபோதுதான் அரசியும் மன்னரின் தம்பி அர்த்துவா கோமகனும் அவரை நெருங்கி, 23ஆம் தேதிப் பேச்சின் கடுமையான பகுதிகளைச் சேர்க்கச் செய்தார்கள். அதற்கு முன் மூன்றாம் வகுப்பினர் தம்மைச் சந்திக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது, அவர்களில் தகப்பன்மார் யாருமே இல்லையா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். மே மாத மௌனத்துக்கு மட்டும் இந்தத் துக்கத்தைக் காரணம் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்; அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.